குளிர்ந்து நிற்பதைக் கிண்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எக்ஸ் கதிர்களால் வானைப் பார்க்கும் ஜப்பானின் எக்ஸ்ரிஸ்ம் செய்மதியையும், அதில் திறக்காமல் சிக்கிக்கொண்ட கருவி மூடியையும் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரைக்கு வெள்ளவத்தை வாசகர் ஒருவர் எழுதிய பதிலை வாசித்தேன். "ஒரு மூடியைத் திறக்கத் தெரியாதவர்களுக்கு விண்வெளியில் என்ன வேலை? நாலு தட்டுத் தட்டியாவது திறந்திருக்க வேண்டாமா?" என்று கேட்டிருந்தார். காசு எவ்வளவு வீண் என்றும் ஒரு கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கை விடுகிறேன், அது அவர் பாடு. "நாலு தட்டு" என்ற பேச்சுக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் விஞ்ஞானி இல்லை. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்துவிட்டு, கொழும்பில் பிரிஜ், ஏசி, குளிர் அறை என்று வேலை செய்தே தலை நரைத்தவன். கொட்டாஞ்சேனையில் என்னைக் கேட்டால் "பிரிஜ் பாஸ்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த வாசகர் கேலி செய்த பழுது இருக்கிறதே, அது குளிரும் வெற்றிடமும் சம்பந்தப்பட்ட பழுது. அந்த இரண்டோடும் மாரடித்துத்தான் நான் சோறு சாப்பிட்டேன். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்ல இடம் தாருங்கள்.

முதலில் அந்த மூடி எதற்கு என்று பார்ப்போம். எக்ஸ்ரிஸ்ம் 2023 செப்டெம்பரில் தனெகஷிமாவில் இருந்து ஏவப்பட்டது. அதில் ரிசோல்வ் என்று ஒரு கருவி. எங்கோ ஒரு விண்மீன் கூட்டத்தில் இருந்து வரும் ஒற்றை எக்ஸ் கதிர்த் துணிக்கை விழுந்தவுடன், அது விழுந்த இடம் எவ்வளவு சூடேறியது என்று அளக்கிற கருவி. ஒரு துணிக்கை கொண்டுவரும் சூடு என்ன பெரிய சூடு? அது தெரிய வேண்டுமென்றால் கருவி முதலில் அசாத்தியக் குளிரில் இருக்கவேண்டும். ரிசோல்வின் உணரிகள் இயங்குவது 50 மில்லிகெல்வினில். அதாவது இந்தப் பிரபஞ்சத்தில் போகக்கூடிய கடைசிக் குளிருக்கு ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்குதான் பாக்கி.

அந்தக் குளிரைக் காக்கிற பாத்திரத்தின் தத்துவம் நம் வீட்டுத் தேநீர் பிளாஸ்க்கின் தத்துவமேதான். ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டூவர் 1892இல் செய்தது. இரண்டு சுவர், நடுவில் வெற்றிடம். காற்று இருந்தால் அது சூட்டைச் சுமந்துகொண்டு உள்ளே போகும், இல்லாவிட்டால் போகாது. பூமியில் இருக்கும்போது அந்தப் பாத்திரத்துக்குள் காற்றுப் போகாமல் அடைத்து வைக்கத்தான் அந்த மூடி, வாசல் வால்வு. மேலே போனபின் வெளியேயும் வெற்றிடம், ஆகவே திறந்துவிடலாம். திறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மறுபடியும் பார்த்தார்கள், அசையவில்லை. பிறகு, குறைந்தது 18 மாதங்களுக்கு உள்ளபடியே வேலை செய்வோம் என்று முடிவெடுத்து அறிவித்தார்கள்.

இந்த முடிவைத்தான் வாசகர் கையாலாகாத்தனம் என்கிறார். எனக்கு இது நல்ல தொழில்காரனின் முடிவாகத் தெரிகிறது. அந்த மூடியில் ஒரு சின்னப் பெரிலியம் ஜன்னல் இருக்கிறது, தடிப்பு கால் மில்லிமீற்றர். பூமியில் வைத்துக் கருவியைச் சோதிப்பதற்காக, மூடியிருக்கும்போதும் எக்ஸ் கதிர் உள்ளே வரட்டும் என்று வைத்தது. இப்போது சக்தி குறைந்த கதிர்களை அந்த ஜன்னல் மறித்துவிடுகிறது: கதிரின் சக்தியை அளக்கும் அலகில் சொன்னால், 0.3 கிலோ இலத்திரன்வோல்ற்றில் இருந்து பார்க்க எண்ணியவர்கள் சுமார் 1.7இல் இருந்துதான் பார்க்கிறார்கள். நட்டம்தான். ஆனால் அதற்கு மேலே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. 2024 ஜனவரியிலேயே முதல் தரவுகளை வெளியிட்டார்கள். அந்த ஜன்னலை வைக்கச் சொன்ன ஆளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். உள்ளே குளிர் பிடித்து நிற்கிறது, உணரி வேலை செய்கிறது. இந்த நிலையில் நாலு தட்டுத் தட்டி எதை உடைப்பது?

இவர்கள் இவ்வளவு பதனமாக நடப்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மூடியின் கதையை மட்டும் சொன்னது உங்கள் கட்டுரையின் குறை என்று நினைக்கிறேன்.

இதே வகைக் கருவியை 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜப்பான் முதன்முதலாக ஏவியது. ரொக்கெட் கைகொடுக்கவில்லை, செய்மதி போயே போய்விட்டது. மறுபடியும் கட்டி 2005 ஜூலை 10ஆம் திகதி ஏவினார்கள். அதுதான் சுசாக்கு. கருவி 60 மில்லிகெல்வினுக்குக் குளிர்ந்தது, எதிர்பார்த்தபடி வேலையும் செய்தது. ஒரு மாதம் நிறையவில்லை. ஓகஸ்ட் 8ஆம் திகதி உள்ளே இருந்த திரவ ஹீலியம் முழுவதும் ஆவியாகி முடிந்தது. வருடக்கணக்கில் நின்றிருக்க வேண்டிய ஹீலியம்!

எப்படி? எங்கள் தொழில்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து வாசிக்கவேண்டிய பாடம் இது. சுசாக்குவின் பாத்திரத்தில் வெளிச்சுற்றில் உறைந்த நியோன், சுமார் 17 கெல்வின், அதாவது அந்தக் கடைசிக் குளிருக்கு மேலே 17 பாகை. அதற்குள்ளே திரவ ஹீலியம். ஹீலியம் மெதுமெதுவாக ஆவியாகி வெளியே போவது வழமையான விஷயம், அந்த ஆவி போகப் போகத்தான் உள்ளே குளிர் நிற்கும். போன ஆவி விண்வெளிக்குப் போயிருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் செய்மதியின் உடலுக்குள்ளேயே தங்கி, அங்கிருந்து திரும்பி, பாத்திரத்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவில் உள்ள வெற்றிட இடைவெளிக்குள் நுழைந்துவிட்டது. காற்று என்றால் அந்த 17 கெல்வின் குளிரில் சுவரிலேயே பனியாக ஒட்டிக்கொண்டிருக்கும், வெற்றிடம் கெடாது. ஹீலியம் அந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. சுவருக்குச் சுவர் ஓடி ஓடிச் சூட்டைச் சுமந்தது. சூடு ஏற ஏற இன்னும் ஹீலியம் ஆவியானது, ஆவி கூடக் கூட வெற்றிடம் இன்னும் கெட்டது. ஆக, குளிரூட்டியே குளிரைத் தின்று முடித்தது. ஓட்டையில்லை, உடைவில்லை, பம்பியில் பழுதில்லை. வெளியே விட்ட வாயு எங்கே போகிறது என்ற ஒரு கேள்விக்குச் சரியான விடை இல்லாததுதான் பழுது.

செய்மதியின் மற்றக் கருவிகள் 2015 வரை வேலை செய்தன. முக்கியமான கருவி மட்டும் தொடக்கத்திலேயே கண்ணை மூடிவிட்டது. பிறகு 2016 பெப்ரவரியில் ஹிட்டோமி, இதே வகைக் கருவியோடு போன அடுத்த செய்மதி. இந்தத் தடவை குளிர் அருமையாக நின்றது. பேர்சியஸ் விண்மீன் திரள் கொத்தின் சூடான வாயு எவ்வளவு கலங்கலாக ஓடுகிறது என்று அளந்து காட்டினார்கள். மார்ச் 26இல் செய்மதி தன்னைத்தானே கட்டுப்பாடில்லாமல் சுழற்றிக்கொண்டு சிதறியது. அதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை. அதன்பிறகுதான் இந்த எக்ஸ்ரிஸ்ம். இந்த முறை ஹீலியம் தீர்ந்துபோனாலும் இயந்திரக் குளிரூட்டிகளை மட்டும் வைத்துக் கருவியை ஓட்டுவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே கருவியை இருபது வருடத்துக்கு மேலாக நாலு தடவை கட்டியவர்களைப் பார்த்து, மூடி திறக்கத் தெரியாதவர்கள் என்கிறார் நம் வாசகர்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன்.

வெற்றிடம் என்றால் என்ன என்று பெரும்பாலானோருக்குத் தெரியாது. காற்றை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஏசி குழாய் பொருத்தியபின் நாங்கள் வக்கியூம் பம்பி பூட்டி 500 மைக்ரோன் வரை இறக்குவோம். வளிமண்டல அமுக்கத்தில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. தொலைநோக்கிக் கருவிகளின் பாத்திரத்தில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போகவேண்டியிருக்கும். அவ்வளவு கீழே போகும்போது எதிரி வெளியே இருந்து வரும் காற்று மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் உலோகத்தின் மேற்பரப்பு, ரப்பர் வளையம், வயரின் பிளாஸ்டிக் உறை, யாரோ கையுறை போடாமல் தொட்ட விரல் அடையாளம், எல்லாமே நாட்கணக்காக ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

அளவுமானி ஏறுகிறது என்றால் அது ஓட்டையா, ஈரமா? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எங்களிடம் கற்ற பொடியன்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். பம்பியின் வால்வை மூடிவிட்டு மானியின் முன்னால் பேசாமல் உட்கார வேண்டும். முள் மெல்ல ஏறும். ஏறி ஓரிடத்தில் தயங்கி நின்றுவிட்டால் உள்ளே ஈரம், பம்பியை இன்னும் ஓடவிடு. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை, சவர்க்கார நுரையை எடு. கொழும்பின் ஈரலிப்பில், மே மாதம் மழைக்கு முன்னால், குழாயை அரை நாள் திறந்து வைத்திருந்தால் போதும், முள் எப்படித் தயங்கும் என்று தெரிந்துவிடும். பெரிய தொலைநோக்கிகளில் கருவிகளைப் பராமரிப்பவர்களும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள், மானிதான் வேறு. நுரைக்குப் பதிலாக அவர்கள் ஹீலியத்தைப் பாவிப்பார்கள்: வெளியே மூட்டு மூட்டாக ஒரு சிட்டிகை ஹீலியம் விட்டு, உள்ளே பம்பியின் பக்கம் அது தலைகாட்டுகிறதா என்று ஒரு கருவி மோப்பம் பிடிக்கும். ஹீலியம் மேலே எழும்பும் என்பதால் தேடலை மேலிருந்து தொடங்குவார்கள். கீழே இருந்து தொடங்கினால் மேல் மூட்டின் ஓட்டையைக் கீழ் மூட்டில் இருப்பதாகக் காட்டும்.

இன்னொரு பொல்லாத விஷயம். உள்ளே நல்ல குளிர் இருக்கும்வரை ஓட்டை தன்னைக் காட்டிக்கொள்ளாது. நுழைகிற காற்றும் ஈரமும் குளிர்ந்த பரப்பிலும் வாயுவை உறிஞ்ச உள்ளே வைத்திருக்கும் கரியிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும், மானியில் எல்லாம் சுகமாகத் தெரியும். மின்சாரம் நின்றாலோ குளிரூட்டும் கொம்பிரசர் நின்றாலோ சூடேறும், ஒட்டிக்கொண்டதெல்லாம் ஒரே நேரத்தில் கழன்று வரும். அதற்காகவே அந்தப் பாத்திரங்களில் அமுக்கம் விடும் வால்வு வைப்பார்கள். 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, குளிர் அறை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மின்சாரம் வந்தவுடன் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டவர்களின் கொம்பிரசர்கள்தான் அதிகம் எரிந்தன.

இப்போது பேலியகொடைப் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவம். மீன் வியாபாரி ஒருவரின் குளிர் அறை, காஸ் குறைந்துபோய் மாதத்துக்கு மாதம் யாரோ வந்து நிரப்பிவிட்டுப் போகிறார்கள். என்னை அழைத்தார்கள். மூட்டுகளைச் சோதிக்க அறையை நிறுத்தவேண்டும் என்றேன்.

"பாஸ், லீக் எல்லாம் பிறகு பாப்போம். இப்பக் கொஞ்சம் காஸ அடிச்சிட்டுப் போங்க. மீன் பழுதாகுது."

"முதலாளி, நான் இண்டைக்கி அடிச்சா வாற மாசம் நீங்க வேற பாஸத் தேடுவீங்க. மீன ஐஸ்ல போடுங்க, எனக்கு அரைநாள் தாங்க."

முணுமுணுத்துக்கொண்டே தந்தார். உள்ளே விசிறிக்குப் பின்னால் குழாயை மூட்டும் ஒரு பிளேயர் நட், அதன் கழுத்தில் ரோமம் போல ஒரு வெடிப்பு. நுரை தடவியதும் குமிழி வந்தது, கடுகளவு. விசிறியின் அதிர்வில் குழாய் ஆடிக்கொண்டிருந்ததுதான் காரணம். குழாய்க்கு ஒரு பிடி வைக்காமல் நட்டை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் வெடித்திருக்கும். முன்னால் வந்தவர்கள் யாரும் விசிறிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. காஸ் விற்ற காசு அவர்களுக்கு வந்துகொண்டே இருந்தது, ஏன் பார்க்கப்போகிறார்கள்?

பழுதைப் பார்த்தவுடன் கையை நீட்டுகிறவன் ஒரு வகை, கையைக் கட்டிக்கொண்டு காரணத்தைத் தேடுகிறவன் இன்னொரு வகை. தொலைநோக்கிக்காரர்களில் நான் பார்த்தது இரண்டாம் வகை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் நிக்மோஸ் என்ற அகச்சிவப்புக் கருவியை எடுங்கள். 1997 பெப்ரவரியில் பொருத்தினார்கள். குளிருக்காக உள்ளே உறைந்த நைதரசன் கட்டி. நாலரை வருடம் நிற்கும் என்று கணக்கு. ஆனால் அந்தக் கட்டி விரிவடைந்து பாத்திரத்தையே நெளித்துவிட்டது. நெளிந்ததில் குளிர்ந்த பாகம் ஒன்று சூடான பாகத்தைத் தொட்டுவிட்டது. தொட்ட இடத்தால் சூடு ஒழுகி, 1999 ஜனவரியில் நைதரசன் தீர்ந்தது. வெற்றிடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உலோகம் உலோகத்தைத் தொட்டால் கதை முடிந்தது, பார்த்தீர்களா?

அதன்பிறகு அவர்கள் செய்தது எனக்குப் பிடித்த வேலை. பாத்திரத்தை நிமிர்த்தப் போகவில்லை, புதிதாக நைதரசன் நிரப்பவும் இல்லை. நைதரசன் ஒருநாள் தீரும், மறுபடி யார் போய் நிரப்புவது? 2002 மார்ச்சில் கொலம்பியா ஓடத்தில் போன வீரர்கள், கருவிக்கு வெளியே ஒரு குளிரூட்டும் இயந்திரத்தைப் பூட்டி, முன்பு பூமியில் வைத்துக் கட்டியை உறையவைக்கப் பாவித்த அதே சுருள் குழாய்களுக்குள் குளிர்ந்த நியோன் வாயுவை ஓடவிட்டார்கள். ஏறக்குறைய 77 கெல்வினில் கருவி மறுபடி உயிர்பெற்றது. அந்தக் குளிரூட்டும் இயந்திரத்துக்குள் இருந்த சில்லு நிமிடத்துக்கு நாலு இலட்சம் தடவைக்கு மேல் சுழலும். ஒயில் கிடையாது, வாயுவின் மேலேயே மிதந்து சுழலும். என் வாழ்நாளில் நான் பழுது பார்த்த கொம்பிரசர்களில் பாதிக்கு மேல் ஒயிலால் போனவை. அந்த இயந்திரத்தை ஒருதரம் திறந்து பார்க்கக் கிடைத்திருந்தால்!

எல்லாக் கதையும் நன்றாக முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1999 மார்ச்சில் வயர் என்ற சின்னச் செய்மதியை அமெரிக்கர்கள் ஏவினார்கள். உறைந்த ஐதரசன் அதன் குளிரூட்டி. மின்சுற்று உயிர்பெற்ற கணத்தில் உண்டான ஒரு தவறான துடிப்பால் மூடி முன்கூட்டியே கழன்று விழுந்தது. வெயில் உள்ளே பட, ஐதரசன் எல்லாம் கொதித்து வெளியேறி, அந்த வேகத்தில் செய்மதியே சுழலத் தொடங்கியது. வந்த வேலை தொடங்கும் முன்பே முடிந்தது. மூடி திறக்காததால் பாதி வேலை நடக்கும் செய்மதியைக் கேலி செய்யும் வாசகர், மூடி திறந்ததால் முழுதும் போன செய்மதியையும் ஒருதரம் யோசித்துப் பார்க்கட்டும்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் இந்தத் தலையிடிகளைக் குறைக்கவே தீர்ந்துபோகும் குளிரூட்டி எதையும் வைக்கவில்லை. அதன் மிரி கருவிக்கு ஹீலியம் வாயுவைச் சுற்றியோட வைக்கும் இயந்திரம் இருக்கிறது. நம் வீட்டு ஸ்பிலிட் ஏசியைப் போல, அதிர்வும் சூடும் உள்ள கொம்பிரசர் ஒரு பக்கம், குளிர வேண்டிய பாகம் சுமார் பத்து மீற்றர் தள்ளி மறுபக்கம், நடுவில் மெல்லிய குழாய். 2022 ஏப்ரலில் 7 கெல்வினுக்குக் கீழே இறங்கியது. பூமியில் இருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில். அங்கே போய் நட் முறுக்க ஆள் இல்லை. குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் இங்கேயே சோதித்து முடித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கொழும்பில் இருக்கிற நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வைத்தியசாலைகளில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் நிற்பதும் திரவ ஹீலியத்தில்தான். வெற்றிடமும் குளிரும் தெரிந்த கைகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? இப்போது வேலைக்கு வரும் பொடியன்கள் பலர் பம்பியை வான் வண்டியில் இருந்து இறக்கவே பஞ்சிப்படுகிறார்கள். கொஞ்சம் காஸை உள்ளே விட்டு, அதை வைத்துக் காற்றைத் தள்ளிவிட்டு, "முடிஞ்சுது ஐயா" என்று காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். குழாயில் தங்கிய ஈரம் ஆறு மாதத்தில் ஒயிலை அமிலமாக்கும், அதை யார் கேட்பது? பயிற்சி கொடுக்கிற இடங்களிலும் மானியின் முன்னால் உட்கார்ந்து முள்ளைப் பார்க்க வைப்பதில்லை, பரீட்சைக்கு வரைபடம் கீறினால் போதுமாம். கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பான் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. கோளரங்கமும் 1965இல் இருந்து இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகும் ஆசிரியர்கள் நட்சத்திரத்தைக் காட்டுகிற அதே நேரம், அதைப் பார்க்கிற கருவி எப்படிக் குளிர்கிறது என்றும் ஒரு வார்த்தை சொன்னால், மருதானைக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கும் வானத்தில் ஒரு பங்கு கிடைக்கும்.

கடைசியாக ஒரு திருத்தம். ரிசோல்வ் "மைனஸ் 50 பாகையில்" இயங்குவதாக உங்கள் கட்டுரையில் அச்சாகியிருந்தது. அது 50 மில்லிகெல்வின், செல்சியஸ் கணக்கில் மைனஸ் 273.10. மைனஸ் 50 என்றால் நானே செய்து தருவேன், இரண்டு படிக் கொம்பிரசரும் நல்ல காப்பும் இருந்தால் போதும், ஜப்பான் வரை போகத் தேவையில்லை. திருத்தத்தை அடுத்த ஞாயிறு போடும்போது, முடிந்தால் அந்தப் பாத்திரத்தின் உள்படம் ஒன்றையும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். போனமுறை போட்ட படத்தில் எது ஹீலியம் தொட்டி, எது வால்வு என்று என் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தும் பிரித்தறிய முடியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரிஜ் பாஸ் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.